பயந்தவன் நாற்காலியும் ஒரு பார்க்கிங் இடமும்

1

பினாங்குக்கு வந்து இந்த மாதத்தோடு பதினெட்டு வருடம் முடிகிறது. கோவில்பட்டி நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் இதை நானே அறிவித்தேன். வேறு யாரும் அறிவிக்கப்போவதில்லை. "பதினெட்டு வருசத்துல என்னடே சாதிச்ச?" என்று ஒருவன் கேட்டான். கீழே போய், எங்கள் ஃபிளாட்டின் கார் நிறுத்துமிடத்தில் இருக்கும் ஒரு தூணைப் படம் எடுத்து அனுப்பினேன்.

அந்தத் தூணில் இடுப்பு உயரத்தில் வெள்ளை, சாம்பல், சிவப்பு என்று வரிவரியாகக் கோடுகள் இருக்கும். கோயில் தூண் என்று நினைத்து ஒருவன் கும்பிடும் பொம்மை போட்டான். அவை நாங்கள் இதுவரை வைத்திருந்த மூன்று கார்களின் பெயிண்ட்.

எங்கள் வீட்டுக்கு ஒதுக்கப்பட்ட இடம் ஒரு பக்கம் இந்தத் தூணுக்கும் மறுபக்கம் தண்ணீர் மோட்டார் அறைக்கும் நடுவில் இருக்கிறது. வரைபடம் போட்டவர் சைக்கிளை நினைத்துக்கொண்டு போட்டிருக்க வேண்டும். கண்ணாடிகளை மடக்கி, முன்னும் பின்னுமாகப் பன்னிரண்டு தடவை அசைத்து, உள்ளே போய், ஓட்டுநர் கதவு திறக்காததால் பக்கத்து இருக்கையில் தவழ்ந்து இறங்க வேண்டும். என் தொப்பை வளர வளர இந்தத் தவழல் ஒரு மருத்துவப் பரிசோதனையாக மாறிவிட்டது.

வேறு இடம் கேட்கலாமே என்பீர்கள். கேட்டேன். நிர்வாக அலுவலகத்தில் இருக்கும் பெண்மணி ரொம்ப மரியாதையாக, "அடுத்த மீட்டிங்ல பேசலாம்" என்பார். அடுத்த மீட்டிங்கில் லிஃப்ட் பற்றிப் பேசுவார்கள். அதற்கடுத்த மீட்டிங்கில், போன மீட்டிங்கில் லிஃப்ட் பற்றிப் பேசியது பற்றிப் பேசுவார்கள். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து, கொடுத்த பிஸ்கட்டைச் சாப்பிட்டுவிட்டு, நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுவேன்.

இத்தனை நாள் அது பரவாயில்லை. என் மனைவி கோமதிக்கு வேலை கிடைத்ததும்தான் வினை வந்தது.

2

கோமதி ஊரில் பி.காம். முடித்தவள். என் வேலை அனுமதிப் பாஸோடு ஒட்டிக்கொண்டு வந்ததால் இங்கே வேலை பார்க்க அவளுக்குத் தனி அனுமதி வேண்டும். அந்த அனுமதி வந்து சேர்வதற்குள் எங்கள் மகள் யாழினி பிறந்து, வளர்ந்து, காலேஜ் வயதையே எட்டிவிட்டாள். போன மாதம் ஒருவழியாக அனுமதி வந்தது. செபராங் ஜெயாவில் ஒரு சின்ன அலுவலகத்தில் கணக்குப் பார்க்கும் வேலையும் வந்தது. ஒன்றாம் தேதி சேர வேண்டும்.

செபராங் ஜெயா, பினாங்குத் தீவை நிலத்தோடு சேர்க்கும் பாலத்துக்கு அந்தப் பக்கம். பஸ் மாறி மாறிப் போனால் வேலை நேரத்தில் பாதி வழியிலேயே முடிந்துவிடும். அவளிடம் லைசென்ஸ் இருக்கிறது. நன்றாகவே ஓட்டுகிறாள். எனக்கோ தொழிற்சாலை பஸ் வாசலுக்கே வருகிறது, ஆகவே காரும் சும்மாதான் கிடக்கிறது. ஆனால் அந்தத் தூணை மட்டும் அவளால் ஜெயிக்க முடியவில்லை. இரண்டு தடவை முயன்றாள், இரண்டு கண்ணாடி போயிற்று. காலை ஆறு மணிக்கு நான் பஸ் ஏறிவிட்டால் காரை வெளியே எடுத்துக் கொடுக்க ஆளில்லை. நான் முன்கூட்டியே எடுத்து வாசல் கேட்டுக்கு வெளியே நிறுத்தினால் சக்கரத்துக்குப் பூட்டுப் போட்டுவிடுகிறார்கள். சாயங்காலம் அவள் வந்தால், எட்டு மணிக்கு நான் வரும்வரை காரை இடுப்பில் வைத்துக்கொண்டா நிற்பாள்?

"ஒன்னாந் தேதிக்குள்ள வேற எடம் கெடைக்கலன்னா, வேல வேணாம்னு சொல்லிருதேன்," என்றாள் கோமதி. கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் வழக்கம்போல பால்கனிக்குப் போயிருப்பேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள். பால்கனிக்குப் போக வழியில்லை.

3

அந்த நேரம் பார்த்து, லிஃப்டுக்குப் பக்கத்தில் மூன்று புது இடங்கள் கிடைத்தன. பல வருடமாக யாருடையது என்றே தெரியாமல் கிடந்த மூன்று உடைசல் கார்களை இழுத்துப் போய்விட்டார்கள். தூண் இல்லை. வெயில் மழை படாது. மூன்றும் கல்யாண மண்டப மேடை மாதிரி அகலம்.

கேட்டது எட்டு வீடு. சீட்டு குலுக்கிப் போடலாம் என்று குடியிருப்புச் சங்கத் தலைவர் சொன்னதும் கூட்டம் சிரித்துவிட்டது. போன தடவை குலுக்கியபோது தலைவரின் மச்சான் பெயர் வந்தது. அவர் அப்போது இந்த ஃபிளாட்டிலேயே குடியில்லை.

கீழ்வீட்டுப் பரமேஸ்வரி அக்காதான் யோசனை சொன்னார். கெப்பாலா பத்தாஸில் பிறந்து, அரசு அலுவலகத்தில் முப்பது வருடம் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவர், இந்த ஊர்க்காரர்கள் எல்லாரையும்போல பேச்சுக்குப் பேச்சு ஒரு 'லா' போடுபவர். "குலுக்குனா ஏமாத்துவீங்க. போக்கர் ஆடலாம் லா. காசு வேணாம், பிளாஸ்டிக் வில்ல போதும். கடைசி மூனு பேருக்கு மூனு எடம். தோத்தவன் வாயத் தொறக்க முடியாது."

சீனப் புத்தாண்டு முடிந்த வாரம். எல்லார் வீட்டிலும் சீட்டுக்கட்டு வெளியில்தான் கிடந்தது. ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. லிஃப்ட் பிரச்சினை ஐந்து வருடமாக நிறைவேறவில்லை.

விதிகள் எளிமை. வீட்டுக்கு ஒரு நாற்காலி. எல்லாருக்கும் ஒரே அளவு வில்லை. வில்லை தீர்ந்தால் எழுந்துவிட வேண்டும். ஐந்தாவது ஆள் எழுந்ததும் ஆட்டம் முடிந்தது, மிச்சமிருக்கும் மூன்று வீட்டுக்கும் இடம். தேநீர் இடைவேளையில் நாற்காலியில் ஆள் மாறிக்கொள்ளலாம். மேல்மாடியில் குடியிருந்துகொண்டு மீன் உருண்டை நூடுல்ஸ் விற்கும் மீ கடை வைத்திருக்கும் ஆ ஹெங், கடையைப் பார்க்கப் போக வேண்டியிருந்தால் என்ன செய்வது என்று கேட்டதால் இந்தக் கடைசி விதி.

"அப்பா, உங்களுக்குப் போக்கர் தெரியுமா?" என்றாள் யாழினி.

"நான் கோவில்பட்டி மனமகிழ் மன்றத்துல ஆடுனவன்ம்மா."

"அது ரம்மி லா, ப்பா."

சீட்டுதானே, என்றேன். என் வாழ்க்கையின் பெரிய தவறுகள் எல்லாம் 'தானே'யில்தான் முடிந்திருக்கின்றன.

4

ஊரில் ரம்மி ஆடியவர்களுக்கு ஸ்கூட் தெரியும். கைக்கு வந்த சீட்டு பிடிக்கவில்லையென்றால் ஆடாமலே கவிழ்த்துவிடலாம். இருபது பாயிண்டோடு போகும். ஆடித் தோற்றால் எண்பது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் மன்றத்தில் மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்துகொண்டு நான் ஸ்கூட் விட்டுக்கொண்டே இருப்பேன். மற்றவர்கள் ஒருவரையொருவர் அடித்துக்கொண்டு வெளியேறுவார்கள். நான் பெரிதாகத் தோற்றதே கிடையாது. பெரிதாக ஜெயித்ததும் கிடையாது. மன்றத்தில் என் பெயர் ஸ்கூட் சுந்தரம். அதை ஒரு பட்டமாகத்தான் நான் எடுத்துக்கொண்டேன்.

இங்கே வந்த பிறகு வாழ்க்கையையே அப்படித்தான் ஆடினேன். பாஸ் புதுப்பிக்கப் போகும்போது போன தடவை போட்ட அதே சட்டை. கவுண்டரில் சிரிக்க மாட்டேன், சிரித்தால் எதையோ மறைக்கிறான் என்று நினைப்பார்களோ என்று. முறைக்கவும் மாட்டேன். ஒரு தடவை அதிகாரி, மனைவி எங்கே என்று மலாயில் கேட்டார். நடுக்கத்தில், மனைவியைக் கீழே பார்க் பண்ணியிருக்கிறேன் என்று பதில் சொல்லிவிட்டேன். அவர் சிரித்து முடிக்கும்வரை நான் அட்டென்ஷனில் நின்றேன். பக்கத்து வீட்டுக் குழாய் எங்கள் சுவரில் கசிந்தபோது சுவருக்குப் புது வர்ணம் அடித்தேனே தவிர வாயைத் திறக்கவில்லை. பதினெட்டு வருடமும் கார் ஓட்டியிருக்கிறேன், ஒரு தடவைகூட ஹாரன் அடித்ததில்லை. நாம் வந்த இடம். யாருக்கு வழி வேண்டுமோ எடுத்துக்கொள்ளட்டும்.

யாழினிக்கு இதெல்லாம் புரியாது. அவள் இங்கே பிறந்தவள். மலாயில் எண்ணுகிறாள், மீ கடையில் ஹொக்கியன் சீனத்தில் பேரம் பேசுகிறாள், கோவில்பட்டியை 'அப்பா ஊர்' என்கிறாள். 'நம்ம ஊர்' என்று திருத்திப் பார்த்தேன். "நம்ம ஊரு இதுதானே ப்பா?" என்றாள். அங்கேயும் ஸ்கூட் விட்டுவிட்டேன்.

5

ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கீழ்த்தளக் கூடத்தில் ஆட்டம். வெளியே நல்ல மழை. எனக்குப் பின்னால் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளில் கோமதியும் யாழினியும்.

போக்கரில் ஆளுக்கு இரண்டு சீட்டு. பிடித்தால் வில்லை வைத்து இறங்கலாம்; மற்ற எல்லாரும் கவிழ்த்துவிட்டால் சீட்டைக் காட்டாமலே நடுவில் கிடப்பதை அள்ளலாம். பிடிக்காவிட்டால் கவிழ்க்கலாம், அதற்கு ஃபோல்ட் என்று பெயர். பார்த்ததும் எனக்குச் சொந்தக்காரனைக் கண்ட மாதிரி இருந்தது. ஸ்கூட்டேதான். நான் கவிழ்த்தேன். மறுபடியும் கவிழ்த்தேன். முதல் ஒரு மணி நேரம் அது பிரமாதமாக வேலை செய்தது. பக்கத்தில் நாலு வீடு வரிசையாகக் காலியாகி எழுந்தன. நடுவில் ஒரே ஒரு தடவை இரண்டு ஏஸ் வந்து, இறங்கி, ஒரு நல்ல குவியலை அள்ளினேன். பிறகு அந்தக் குவியலைக் கோழி முட்டையை அடைகாப்பது மாதிரி காத்தேன்.

இப்போது நாலு பேர். பரமேஸ்வரி அக்கா, ஆ ஹெங், மூன்றாம் மாடி தேவா, நான். இன்னும் ஒரே ஆள் போனால் போதும், கோமதி ஒன்றாம் தேதி வேலைக்குப் போகலாம்.

இங்கேதான் ஸ்கூட் என் காலை வாரியது. ரம்மியில் ஸ்கூட்டின் விலை எப்போதும் இருபதுதான். போக்கரில் அப்படி இல்லை. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு பேர் சீட்டைப் பார்க்கும் முன்பே கட்டாயமாக வில்லை வைக்க வேண்டும், முறை மாறி மாறி எல்லாருக்கும் வரும், அந்தத் தொகை அரை மணிக்கு ஒரு தடவை இரட்டிப்பாகும். சும்மா உட்கார்ந்திருப்பதற்கே வாடகை, அந்த வாடகையும் ஏறிக்கொண்டே போகும். ஃபிளாட் வாடகை விஷயத்தில் எனக்கு நன்றாகத் தெரிந்த இந்த உண்மை, மேஜையில் உட்கார்ந்ததும் மறந்துபோனது.

"ஃபோல்ட்," என்றேன்.

"அண்ணே, சீட்ட பாத்துட்டாவது சொல்லுங்க," என்றான் தேவா.

பார்த்துவிட்டு, "ஃபோல்ட்," என்றேன்.

"சுந்தரம் தம்பி வூட்டுல ஃபேன் இல்லயா? சீட்ட வச்சு காத்து வாங்கிட்டு திருப்பிக் குடுக்குறாரே," என்றார் பரமேஸ்வரி அக்கா.

ஆ ஹெங் அதிகம் பேசாதவர். கடைத்தெருவில் பேசும் கொச்சை மலாயில் ஒன்றே ஒன்று சொன்னார்: இவர் ஃபோல்ட் சொல்லும் தாளத்துக்கு எனக்குத் தூக்கம் வருகிறது.

குவியல் கரைந்தது. அப்போது கைக்கு இரண்டு குயின் வந்தது. ஜோடி ராணிகள். இதைவிட நல்ல கை வருவது அபூர்வம். பின்னால் கோமதியின் நாற்காலி முன்னே நகர்வது கேட்டது. எனக்கு முன்னால் பரமேஸ்வரி அக்கா தன் முழுக் குவியலையும் இரண்டு கையாலும் நடுவில் தள்ளி, "ஆல் இன்," என்று சொல்லிவிட்டு, முறுக்கைக் கடித்தார். மற்ற இருவரும் ஏற்கெனவே கவிழ்த்தாயிற்று.

நான் யோசித்தேன். அக்காவிடம் இரண்டு ராஜா இருந்தால்? இறங்கித் தோற்றால் போயிற்று. கவிழ்த்தால் இந்த ஒரு சுற்று தப்பிக்கலாம், அதற்குள் தேவா போகலாம், ஆ ஹெங்குக்குக் கடையிலிருந்து அழைப்பு வரலாம், கட்டடத்தில் தீப்பிடிக்கலாம்.

"ஃபோல்ட்," என்று சீட்டைத் திறந்து காட்டிக் கவிழ்த்தேன், நான் எவ்வளவு பெரிய தியாகம் செய்கிறேன் என்று ஊருக்குத் தெரியட்டும் என்று. அக்காவும் தன் சீட்டைத் திறந்தார். ஒரு ஏழு, ஒரு ரெண்டு. குப்பை.

"என்னா தம்பி, ரெண்டு ராணியயும் வூட்டுக்கு அனுப்பிட்டீங்க," என்றார். "அதுங்க எம்மேல புகார் குடுக்கப் போவுதுங்க."

"அலாமாக்," என்று மலாயில் ஐயோ போட்டு யாழினி நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். "ஜாங்கான் தாக்குட் லா, ப்பா, பயப்படாதீங்க. பயந்து பயந்தே தோக்கப் போறீங்க."

கோமதி என் வில்லைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். தேநீர் இடைவேளை அறிவித்தார்கள். என் முன்னால் இருந்த வில்லைகளை ஒரு தேநீர்க் கோப்பைக்குள் போட்டு மூடிவிடலாம்.

6

நான் தேநீர் வாங்கிக்கொண்டு திரும்பும்போது என் நாற்காலியில் கோமதி உட்கார்ந்திருந்தாள்.

"உனக்கு ஆடத் தெரியாதே," என்றேன்.

"மத்தியானத்துலருந்து பின்னாலதான இருக்கேன். மொத்தமா வைக்கணும்னா என்னமோ சொல்வாகளே, அது என்னது?"

"ஆல் இன். ஆனா அது ரொம்ப நல்ல கை வந்தா மட்டும்தான்..."

"சரி. நீங்க பின்னால போயி நில்லுங்க."

சீட்டு போட்டார்கள். கோமதி லேசாக நுனியைத் தூக்கிப் பார்த்தாள். எனக்கும் தெரிந்தது. ஒரு எட்டு, ஒரு மூன்று. நான் கவிழ்க்கும் சீட்டுகளிலேயே கடைசி ரகம்.

"ஆல் இன்," என்றாள். பால்காரனிடம் ஒரு பாக்கெட் என்று சொல்லும் அதே குரல்.

தேவா தன் சீட்டைப் பார்த்தான், கோமதியைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். நான் ஜன்னல் வழியாக மழையைப் பார்த்தேன். என் முகம் எந்த நிறத்தில் இருந்ததோ தெரியாது.

"வேணாம் லா. அண்ணன் வூட்டு நாக்காலி மத்தியானத்துலருந்து ஒரு தடவதான் எறங்குச்சு. அப்ப ரெண்டு ஏஸு," என்று கவிழ்த்தான். ஆ ஹெங்கும் கவிழ்த்தார். அக்காவும் கவிழ்த்தார். நடுவில் கிடந்த கட்டாய வில்லைகள் எல்லாம் கோமதிக்கு வந்தன. யாருமே சீட்டைக் கேட்கவில்லை.

அடுத்த சுற்று ஒழுங்காகக் கவிழ்த்தாள். அதற்கடுத்தது மறுபடி ஆல் இன். மறுபடி எல்லாரும் கவிழ்த்தார்கள். கோப்பைக்குள் அடங்கிய வில்லை ஒரு கிண்ணம் ஆனது, கிண்ணம் ஒரு தட்டு ஆனது. யாழினியிடம் தண்ணீர் கேட்டேன். "ஷ்ஷ், ப்பா. அம்மா வேல செய்றாங்க," என்றாள்.

கடைசியாக ஒரு தடவை. கோமதியிடம் ஒன்பதும் நாலும். மொத்தத்தையும் தள்ளினாள். இந்தத் தடவை பரமேஸ்வரி அக்கா சட்டென்று கவிழ்க்கவில்லை. முறுக்கைக் கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கோமதி, நெஜமா கையி இருக்கா?"

"வச்சுட்டுப் பாருங்கக்கா."

"ஒன்னப் பத்தி எனக்குத் தெரியாது. ஆனா ஒம் புருஷனப் பத்தித் தெரியும். ராணிங்க ரெண்ட வச்சுக்கிட்டே எறங்காத வூடு." அக்கா என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். நான் வியர்வையைத் துடைத்தேன். நல்ல கை வந்த பதற்றம் என்று அக்கா எடுத்துக்கொண்டார் போல. "சரி போ. எனக்கும் எடம் வேணும் லா," என்று கவிழ்த்தார்.

ரெண்டு சுற்று தள்ளி, வில்லை குறைந்துபோன தேவா வேறு வழியில்லாமல் அக்காவுக்கு எதிராக இறங்கித் தோற்றான். எழுந்து எல்லாருக்கும் கை கொடுத்தான். "அண்ணே, உங்கள நம்பித்தான் கவுத்தேன்," என்றான் என்னிடம். என்னை நம்பி ஒருவன் நாசமானது இதுவே முதல் தடவை.

அக்காவால் பொறுக்க முடியவில்லை. "ஆட்டந்தான் முடிஞ்சிருச்சே, இப்ப சொல்லு. அப்ப என்னா வச்சிருந்த?"

"ஒம்பதும் நாலும்."

"அடிப் பாவி. நான் ஏஸும் ராஜாவும் வச்சிருந்தேன் லா." அக்கா சிரித்த சிரிப்பில் ஆ ஹெங் முழுசாக விழித்துக்கொண்டார்.

7

லிஃப்டில் மேலே போகும்போது, "உனக்கு எங்கேருந்து இந்த தைரியம்?" என்று கேட்டேன்.

"தைரியம்லாம் ஒன்னுமில்ல. அந்த நாக்காலிக்கு நீங்க ஒரு பேரு சேத்து வச்சிருந்தீக. அது மேல ஒக்காந்து யாரு வச்சாலும் நம்புவாங்கன்னு தோணுச்சு. சேத்தது நீங்க, செலவழிச்சது நான்."

"அப்ப நான் பயந்ததும் பிரயோஜனந்தான்?"

"இல்லாமலா? ஆனா நீங்களே ஒக்காந்திருந்தா அத கடேசி வர செலவழிச்சிருக்க மாட்டீக. அப்படியே கொண்டுபோயி தோத்துருப்பீக."

யாழினி லிஃப்ட் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தாள். கோவில்பட்டிக் குழுவில் அன்று ராத்திரியே செய்தி போட்டேன், என் திட்டமிட்ட ஆட்டத்தால் வெற்றி என்று. "ஸ்கூட் சுந்தரம் ஜெயிச்சானா? அப்ப வேற யாரோ ஆடியிருக்காவ," என்று உடனே பதில் வந்தது. பதினெட்டு வருடமாகியும் ஊர் என்னை மறக்கவில்லை.

ஒன்றாம் தேதி காலை நான் வழக்கம்போல ஆறு மணி பஸ்ஸுக்கு ரோட்டோரம் நின்றேன். கோமதி கிளம்ப இன்னும் நேரமிருந்தது. முதல் நாள் என்பதால் பாலத்தில் நெரிசல் இருக்குமோ என்று பயந்து சீக்கிரமே கிளம்பியிருக்கிறாள் போல. அது எனக்குத் தெரியாது. பின்னால் திடீரென்று ஒரு ஹாரன். கடுமையான, அதட்டலான ஹாரன். நான் திரும்பிக்கூடப் பார்க்காமல், கையைத் தூக்கி ஒரு மன்னிப்புச் சொல்லிவிட்டு, புல்வெளிப் பக்கமாக ஒதுங்கி வழி விட்டேன்.

கார் மெதுவாக என் பக்கத்தில் வந்தது. கோமதி கண்ணாடியை இறக்கி, "சாயங்காலம் நான் முன்னால வந்துருவேன், சோறு வச்சுருதேன்," என்று சொல்லிவிட்டு, பாலத்துப் பக்கம் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனாள்.

எங்கள் காருக்கு இவ்வளவு பெரிய குரல் இருக்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.